கிணற்றடிக்குச் சோலார் மோட்டாரா, மானாவாரிக்குச் சோலார் குத்தகையா?

கேள்வி: வணக்கம் சார். எங்கள் ஊர் திருச்சுழி பக்கம். கிணற்றோடு சேர்ந்து 2 ஏக்கர் இருக்கிறது, மாமியார் பெயரில் பட்டா. தள்ளி 5 ஏக்கர் மானாவாரி, கொழுந்தனாரோடு கூட்டுப் பட்டா. கிணற்றடியில் மிளகாயும் கொஞ்சம் வெங்காயம், கத்தரியும் போடுகிறேன். வீட்டுக்காரர் திருப்பூரில் வேலை பார்ப்பதால் காட்டு வேலை முழுக்க நான்தான். 5 எச்.பி. டீசல் இன்ஜின். வருஷத்தில் மூன்று மாதம், ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் ஓடும். மாசிக்கு மேல் கிணற்றில் தண்ணீர் இறங்கிவிடும். இலவச கரண்டுக்கு எழுதிக் கொடுத்து எட்டு வருஷம் ஆச்சு. இப்போது ஒரு ஏஜென்ட் வந்து, மானியத்தில் சோலார் மோட்டார் போடலாம், 3 எச்.பி. என்றால் உங்கள் பங்கு ஒரு லட்சம், 5 எச்.பி. என்றால் 1,35,000, மாதம் பத்தாயிரம் மிச்சமாகும் என்கிறார். அவரே இன்னொன்றும் சொல்கிறார். மானாவாரி நிலம் சீமைக்கருவேல் மண்டிக் கிடக்கிறது, சோலார் கம்பெனிக்கு 29 வருஷக் குத்தகைக்கு விட்டால் ஏக்கருக்கு வருஷம் 25,000 தருவார்கள், அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள் என்கிறார். அந்த நிலத்தை மூணு நாலு வருஷத்துக்கு ஒரு தடவை, கருவேலை வெட்டிக் கரி சுடுகிறவர்களுக்குக் கரிமூட்டத்துக்கு விடுவோம், போன முறை 60,000 கிடைத்தது. நகையை வைத்து மோட்டார் போடட்டுமா? குத்தகைக்கு விடலாமா?

பதில்:

சகோதரிக்கு வணக்கம். கணக்குக்குப் போகும் முன் முடிவைச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் போடலாம், ஆனால் 5 எச்.பி. வேண்டாம், 3 போதும். அதையும் இரண்டு விஷயங்களைப் பார்த்த பிறகு போடுங்கள். குத்தகையை நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அந்த ஏஜென்ட் நீட்டும் பேப்பரில் மட்டும் இப்போது கையெழுத்துப் போடாதீர்கள்.

முதலில் அந்த மாதம் பத்தாயிரம். 5 எச்.பி. டீசல் இன்ஜின் மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் குடிக்கும். ஒரு நாளைக்கு நாலு மணி நேரம், 90 நாள் என்றால் 360 லிட்டர். லிட்டர் 93 ரூபாய் என்று வைத்தால் 33,500 ரூபாய் ஆகிறது. ஆயில், நாசில், மெக்கானிக் கூலி என்று இன்னொரு 4,500 சேர்த்தால் வருடச் செலவு 38,000. அதைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 3,200 ரூபாய்க்கும் கீழேதான் வருகிறது. பத்தாயிரம் மிச்சமாக வேண்டுமென்றால் நீங்கள் இப்போது வருடத்துக்கு 1,20,000 ரூபாய் டீசலுக்குச் செலவழித்துக்கொண்டிருக்க வேண்டும். வருடம் முழுக்க வாழையும் கரும்பும் இறைக்கிறவரின் கணக்கை உங்கள் தலையில் வைத்திருக்கிறார்.

சோலார் ஒரு விவசாயிக்கு எவ்வளவு சம்பாதித்துக் கொடுக்கும் என்பது, அது எதன் இடத்தில் வந்து உட்காருகிறது, வருடத்தில் எத்தனை நாள் ஓடுகிறது என்ற இரண்டையும் பொறுத்தது. டீசலின் இடத்தில் வந்தால் நல்ல லாபம். இலவச மின்சாரத்தின் இடத்தில் வந்தால் மின்கட்டணத்தில் ஒரு பைசா மிச்சமில்லை, ஏனென்றால் கட்டணமே கிடையாது. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கும் மேலான விவசாய இணைப்புகள் கட்டணம் இல்லாமல் ஓடுகின்றன. வடநாட்டுச் சோலார் வெற்றிக் கதைகளை நம் ஊருக்கு அப்படியே கொண்டுவர முடியாததற்கு இதுதான் காரணம். இந்தச் சலுகை சும்மா வந்ததும் இல்லை. உங்கள் வீட்டுக்காரர் இருக்கும் திருப்பூருக்குப் பக்கத்தில் பெருமாநல்லூர் இருக்கிறது. மின்கட்டண உயர்வை எதிர்த்து 1970-ல் அங்கே நடந்த போராட்டத்தில் விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார்கள். ஊர்க்காரர்களிடம் கேட்டால் இன்றும் சொல்வார்கள்.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது உங்கள் வரிசை எண். மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்கு நேரில் போய், உங்கள் மனுவின் பதிவு எண், அதன் மூதுரிமை (வரிசையில் எத்தனையாவது இடம்), உங்கள் பகுதியில் இப்போது எந்தத் தேதி வரை பதிந்தவர்களுக்கு இணைப்புக் கொடுத்து வருகிறார்கள் என்ற மூன்றையும் கேட்டு எழுதி வாருங்கள். 2021-ல் ஒரு லட்சம் புதிய இணைப்புகளை அறிவித்தார்கள், பிறகு இன்னும் 50,000 என்றார்கள். எட்டு வருடக் காத்திருப்பில் நீங்கள் வரிசையின் முன்பக்கம் வந்திருக்கவும் கூடும். ஒரு வருடத்துக்குள் கரண்டு வந்துவிடும் என்று தெரிந்தால், நகையை வைத்துச் சோலார் போடுவதில் அர்த்தமில்லை. இன்னும் நாலைந்து வருடம் ஆகும் என்றால் கணக்கு மாறுகிறது. பணம் கட்டி வரிசைக்கு முன்பே இணைப்பு வாங்கும் தட்கல் முறையில் 5 எச்.பி. வரை இணைப்புக்கு 2.5 லட்சம் கட்டியவர்கள் இருக்கிறார்கள். அதோடு ஒப்பிட்டால் உங்கள் ஒரு லட்சம் மலிவு.

இன்னொன்று, சோலார் மோட்டார் வாங்கினால் இலவச இணைப்பு வரிசையில் உங்கள் இடம் என்ன ஆகும் என்பது. விண்ணப்பத்தோடு சேர்த்து வாங்கும் உறுதிமொழிக் கடிதத்தை ஒரு வரி விடாமல் படித்துப் பாருங்கள். வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவி செயற்பொறியாளரிடம் நேராகக் கேளுங்கள். ஏஜென்ட் வாயால் சொல்வதை நம்ப வேண்டாம். மானியத்தைக் கையாள்வது அந்தத் துறைதான், ஏஜென்டுக்கு அதில் வேலையே இல்லை. ‘பிஎம் குசும்’ என்ற மத்தியத் திட்டம் 2019-ல் வந்தது. மின்கம்பியோடு சேராமல் தனியாக ஓடும், 7.5 எச்.பி. வரையிலான சோலார் பம்புக்கு மத்திய அரசு 30 சதவீதம், மாநில அரசு 30 சதவீதம் என்று மானியம், மீதி 40 விவசாயியின் பங்கு. சில பிரிவினருக்கு மாநிலம் கூடுதலாகவும் தருகிறது. விதிகளும் ஒதுக்கீடும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், இந்த ஆண்டின் நிலவரத்தை அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இந்தத் திட்டத்தின் பெயரில் போலி இணையதளங்கள் பதிவுக் கட்டணம் பிடுங்குகின்றன என்று மத்திய அமைச்சகமே பலமுறை எச்சரித்திருக்கிறது. யார் ‘பதிவுக்கு ஐயாயிரம்’ என்றாலும் கொடுக்காதீர்கள். விண்ணப்பம் உங்கள் மாமியார் பெயரில்தான் போக வேண்டியிருக்கும். பட்டா, அடங்கல், ஆதார் எல்லாம் ஒரே பெயரில், ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். பாதி மனுக்கள் முனியம்மாள், முனியம்மா சண்டையிலேயே மாதக்கணக்கில் நின்றுவிடுகின்றன.

இரண்டாவது விஷயம் கிணறு. என்னைக் கேட்டால் மொத்தக் கதையும் இங்கேதான் இருக்கிறது. ஏஜென்ட் கிணற்றை எட்டிப் பார்த்தாரா?

தை மாதத்தில் ஒரு நாள் காலையில் இன்ஜினை ஓட்டிக் கிணற்றை நன்றாக இறைத்துவிடுங்கள். தண்ணீர் நின்ற மட்டத்தில் சுவரில் ஒரு கோடு போடுங்கள். மறுநாள் அதே நேரத்தில் எத்தனை அடி ஏறியிருக்கிறது என்று அளந்து பாருங்கள். கிணறு இருபதுக்கு இருபது அடி என்றால், ஒரு அடி ஊற்று என்பது 400 கன அடி, அதாவது 11,300 லிட்டர். நாலு அடி ஏறினால் ஒரு நாளைக்கு 45,000 லிட்டர் ஊறுகிறது என்று அர்த்தம். மாசியில் இன்னொரு தடவை இதையே செய்யுங்கள். இந்த இரண்டு எண்களும் தெரியாமல் மோட்டார் வாங்குவது, காலை அளக்காமல் செருப்பு வாங்குகிற மாதிரி.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 3 எச்.பி. சோலார் பம்புக்கு ஏறத்தாழ 3 கிலோவாட் பேனல் வரும். அது நல்ல வெயில் நாளில் அறுபது அடி ஏற்றத்துக்குச் சுமார் ஒரு லட்சம் லிட்டர் தண்ணீரைத் தூக்கிவிடும். உங்கள் கிணறு மாசியில் 45,000 ஊறினாலே பெரிய விஷயம். அப்படியிருக்க 5 எச்.பி. எதற்கு? கிணற்றை இன்னும் சீக்கிரம் காலி செய்ய மட்டும்தான் உதவும். விற்கிறவருக்குப் பெரிய மோட்டாரில் லாபம் கூடுதல் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

உண்மையில் ஊற்றுக் குறைந்த கிணற்றுக்குச் சின்னச் சோலார் மோட்டார் டீசலை விட நன்றாகப் பொருந்தும். டீசல் இன்ஜின் முழு வேகத்தில் இரண்டு மணி நேரத்தில் கிணற்றைக் காலி செய்துவிட்டு நிற்கும், அப்புறம் ஊறும் வரை நீங்கள் காத்திருக்க வேண்டும். சோலார் காலை ஏழெட்டு மணிக்கு மெதுவாகத் தொடங்கி, உச்சியில் வேகம் எடுத்து, மாலையில் தானே தளர்ந்து நிற்கும். ஊறுகிற வேகத்துக்கு ஏறக்குறைய ஒத்துப்போகும். ஒரு விஷயம், தரையில் வைக்கும் பம்பு இருபது, இருபத்தைந்து அடிக்குக் கீழே இறங்கிய தண்ணீரை உறிஞ்சத் திணறும். மாசியில் மட்டம் இறங்கும் கிணறு என்பதால் நீர்மூழ்கி மோட்டாராகக் கேளுங்கள். ஹேண்டில் போட்டு இன்ஜினைச் சுற்றுகிற வேலையும் போய்விடும். இதற்கு ரூபாய்க் கணக்கு போட முடியாது, ஆனால் தனியாகக் காட்டு வேலை பார்க்கிற பெண்கள் சோலார் மோட்டாரில் முதலில் சொல்லும் நன்மை இதுதான்.

இனி பாசன முறை. நீங்கள் எழுதவில்லை, ஆனால் பாத்தி கட்டி வாய்க்காலில்தான் விடுவீர்கள் என்று நினைக்கிறேன். ஒரு ஏக்கருக்கு ஒரு தடவை இரண்டு அங்குலத் தண்ணீர் நிறுத்தினால் இரண்டு லட்சம் லிட்டர் போய்விடும். சொட்டுநீரில் மிளகாய்க்கு ஒரு நாளைக்கு ஏக்கருக்கு 20,000 லிட்டர் இருந்தால் போதும். 2 ஏக்கருக்கு 40,000. மேலே சொன்ன 45,000 லிட்டர் ஊற்று இதற்குச் சரியாக இருக்கிறது, வாய்க்கால் பாசனத்துக்கு எட்டவே எட்டாது. சொட்டுநீருக்குத் தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம் மானியம் இருக்கிறது. அதனால் சோலாருக்கு முன்பே சொட்டுநீருக்கு எழுதிக் கொடுங்கள் என்பது என் யோசனை. சோலார் பம்பு வாங்கும்போதும் நுண்ணீர்ப் பாசனத்தைப் பற்றி அதிகாரிகள் கேட்பார்கள்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சொட்டுநீர் போட்டால் டீசல் செலவே பாதியாகக் குறையலாம். 38,000 என்பது 20,000 ஆகிவிட்டால், சோலார் மிச்சப்படுத்தித் தரும் தொகையும் 20,000 தானே? டீசலை மட்டும் வைத்துப் பார்த்தால் முதல் திரும்ப வரும் காலம் இரண்டு மடங்காகிவிடும். எண்கள் இப்படி: ஒரு லட்சத்தை நூற்றுக்கு 9 ரூபாய் வருட வட்டியில் நகைக்கடனாக வாங்கி, மிச்சமாகும் 38,000 ரூபாயை ஒவ்வொரு வருடமும் அப்படியே கடனில் கட்டினால் மூன்று வருடத்துக்குச் சற்று மேல் நகை திரும்பிவிடும். மிச்சம் 20,000 தான் என்றால் ஏழு வருடம் ஆகும்.

அப்படியானால் எதற்காகப் போட வேண்டும் என்று கேட்பீர்கள். டீசலில் ஒவ்வொரு மணி நேரமும் நூறு ரூபாய் என்பதால், நீங்கள் தண்ணீரைத் தள்ளிப்போட்டுத்தான் பாய்ச்சியிருப்பீர்கள். கையில் காசு இல்லாத வாரம் செடி காய்ந்திருக்கும். சோலாரில் இன்னொரு மணி நேரம் ஓட்டக் கூடுதல் செலவு இல்லை. சொட்டுநீரும் அதுவும் சேர்ந்தால், மாசியோடு முடிகிற உங்கள் பாசனம் பங்குனி வரை நீளும். மிளகாயில் கடைசி இரண்டு பறிப்புக்குத் தண்ணீர் இருந்தால் என்ன வித்தியாசம் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. லாபம் அங்கேதான் இருக்கிறது. ஆகவே உங்கள் கடந்த மூன்று வருட மிளகாய் விளைச்சலை எடுத்துப் பாருங்கள், தண்ணீர் நின்றதால் எத்தனை மூட்டை போயிருக்கும் என்று மனதுக்குள் ஒரு கணக்குப் போடுங்கள். அது வருடத்துக்குப் பதினைந்தாயிரமாவது தேறும் என்று தோன்றினால் 3 எச்.பி. போடுங்கள். தேறாது என்றால் இன்ஜினோடு சொட்டுநீர் போதும், கரண்டு வரும் வரை பொறுத்திருக்கலாம்.

நகை முழுவதையும் வைக்காதீர்கள். கையில் கொஞ்சம் போட்டு, மீதிக்கு மட்டும் கூட்டுறவுச் சங்கத்தில் வையுங்கள். குழுக்கடன் தருகிறேன் என்று வாராவாரம் வசூலுக்கு வருகிறவர்களிடம் இதற்குப் போக வேண்டாம். மிளகாய் வருமானம் வாராவாரம் வராது. பழைய இன்ஜினை இரண்டு வருடமாவது விற்காமல் வைத்திருங்கள்.

மோட்டார் பொருத்தும்போது பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். பேனலுக்கு ஒரு சென்ட்டுக்கும் குறைவான இடம் போதும், ஆனால் காலை முதல் மாலை வரை மர நிழல் விழக்கூடாது. பேனலின் ஒரு மூலையில் நிழல் விழுந்தாலே ஓட்டம் சரிந்துவிடும். கரிசல் தூசி படியும், வாரம் ஒரு தடவை விடியற்காலையில் தண்ணீர் ஊற்றித் துடைத்தால் சரி. திட்டத்தில் 5 ஆண்டுப் பராமரிப்பும் காப்பீடும் சேர்ந்தே வரும், அந்தத் தாள்களைக் கையில் வாங்காமல் ‘வேலை முடிந்தது’ என்று கையெழுத்துப் போடாதீர்கள். பேனல் 25 வருடம் தாங்கும், ஆனால் பேனல் மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் கன்ட்ரோலர் பெட்டி அத்தனை நாள் தாங்காது. ஆறாவது வருடத்திலிருந்து அது உங்கள் செலவு. வருடத்துக்கு நாலாயிரம் ஒதுக்கி வைத்தால் அப்போது கையைக் கடிக்காது.

ஒரு ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 3 கிலோவாட் பேனல் நம் வெயிலில் வருடத்துக்கு ஏறத்தாழ 4,500 யூனிட் தரும். நீங்கள் 90 நாள் ஓட்டினால் அதில் கால்வாசியைத்தான் பயன்படுத்துவீர்கள். மீதி வெயில் பேனல் மேல் விழுந்து வீணாகப் போகும். குஜராத்தில் கேடா மாவட்டத்துத் துண்டி என்ற ஊரில் 2016-ல் ஆறு விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, தங்கள் சோலார் பம்புகளை மின்கம்பியோடு இணைத்தார்கள். பாசனத்துக்குப் போக மிஞ்சியதை மின்வாரியத்துக்கு யூனிட் 4.63 ரூபாய்க்கு 25 ஆண்டு ஒப்பந்தத்தில் விற்றார்கள். தண்ணீரை வீணாக இறைக்காமல் இருந்தால் மின்சாரமாக விற்றுக் காசாகும் என்பதால் நிலத்தடி நீரும் தப்பிக்கும் என்பது அந்த யோசனை. மின்கம்பி இல்லாத உங்கள் கிணற்றடியில் இப்போதைக்கு இதற்கு வழியில்லை. பக்கத்துக் காட்டுக்குத் தண்ணீர் விற்கலாமே என்று ஏஜென்ட் சொல்லக்கூடும். பீகாரில் சமஸ்திபூர் மாவட்டத்துச் சக்ஹாஜியில் சோலார் பம்பு வைத்தவர்கள் அக்கம்பக்கத்துக்குத் தண்ணீர் விற்றுச் சம்பாதித்ததும் உண்மை, டீசல் தண்ணீர் வாங்கியவர்களுக்கு விலை குறைந்ததும் உண்மை. அது கங்கைச் சமவெளி, கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். திருச்சுழியில் உங்கள் கிணறு உங்களுக்கே போதவில்லை.

சரி, குத்தகைக்கு வருவோம்.

ரூபாயாக மட்டும் பார்த்தால் குத்தகை பெரிய தொகைதான். கரிமூட்டத்தில் 5 ஏக்கருக்கு மூன்றரை வருடத்துக்கு ஒரு தடவை 60,000 என்றால், ஏக்கருக்கு வருடம் 3,400 ரூபாய் வருகிறது. 25,000 என்பது அதைப் போல ஏழு மடங்கு. இதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் அந்தத் தொகை 29 வருடம் கழித்து என்ன மதிப்புக்கு இருக்கும் என்பதைத்தான் பேச வேண்டும்.

கர்நாடகத்தில் தும்கூரு மாவட்டத்துப் பாவகடாவை எடுத்துக்கொள்வோம். நம் பக்கம் மாதிரியே அடிக்கடி மழை பொய்க்கும் சீமை. ஐந்து கிராமங்களில் சுமார் 13,000 ஏக்கரை விவசாயிகளிடம் குத்தகைக்கு எடுத்து 2,050 மெகாவாட் சோலார் பூங்கா அமைத்தார்கள். நிலத்தை விலைக்கு வாங்கவில்லை என்பதே பெரிய நல்ல விஷயம். ஏக்கருக்கு வருடம் 21,000 ரூபாய், இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை 5 சதவீத உயர்வு, 28 வருட ஒப்பந்தம். கேட்க நன்றாக இருக்கிறது. கணக்குப் போட்டால், 27-ஆம் வருடத்தில் குத்தகை 39,600 ரூபாய் ஆகியிருக்கும். விலைவாசி வருடம் 5 சதவீதம் ஏறினால், அந்த 39,600-க்கு ஆரம்பத்து மதிப்பில் 11,000 ரூபாய்ப் பொருள்தான் வாங்க முடியும். கையில் வாங்கும் நோட்டு இரண்டு மடங்காகும், அதன் வாங்கும் சக்தி பாதியாகும். உங்கள் ஏஜென்ட் உயர்வைப் பற்றி ஏதாவது சொன்னாரா? கடிதத்தில் இல்லை. வருடத்துக்கு 5 சதவீத உயர்வு என்று எழுதச் சொல்லுங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாத 25,000-ஐ விட, ஒத்துக்கொள்ளும் 20,000 மேல்.

நீங்கள் பேரம் பேச இன்னொரு கணக்கு. ஒரு மெகாவாட்டுக்கு நாலைந்து ஏக்கர் தேவை, அதாவது உங்கள் 5 ஏக்கரில் ஒரு மெகாவாட் உட்காரும். அது வருடத்துக்கு 15 லட்சம் யூனிட்டாவது தரும். யூனிட் 3 ரூபாய் என்று குறைத்து வைத்தாலும் 45 லட்சம். உங்களுக்குத் தருவது 1,25,000, நூற்றுக்கு மூன்று ரூபாய்க்கும் கீழே. அவர்கள் முதல் போட வேண்டும், வங்கிக்குக் கட்ட வேண்டும், எல்லாம் சரி. ஆனாலும் ஏக்கருக்கு ஐயாயிரம் கூடக் கேட்டால் கம்பெனி மூழ்கிவிடாது. தனியாகக் கேட்டால் ‘உங்கள் நிலம் இல்லாவிட்டால் அடுத்த நிலம்’ என்பார்கள். ஒட்டியுள்ள காட்டுக்காரர்கள் பத்துப் பேர் ஒரே விலை சொன்னால் அப்படிச் சொல்ல முடியாது. துணை மின்நிலையத்துக்குப் பக்கத்து நிலம்தான் அவர்களுக்குத் தங்கம். உங்கள் நிலத்துக்கும் துணை மின்நிலையத்துக்கும் எத்தனை கிலோமீட்டர் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள், விலை அதிலிருந்துதான் தொடங்கும்.

அட்வான்ஸ் பற்றிக் கவனம். இடைத்தரகர்கள் செய்யும் வேலை இது: ஐயாயிரம், பத்தாயிரம் கொடுத்து ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள், கூடவே பொது அதிகாரப் பத்திரம் ஒன்றும் எழுதி வாங்குவார்கள். அப்புறம் அந்த நிலத்தைக் கம்பெனி கம்பெனியாகக் காட்டிக்கொண்டு திரிவார்கள். திட்டம் வராவிட்டால் நிலம் வருடக்கணக்கில் முடங்கிக் கிடக்கும், கரிமூட்டத்துக்குக் கூட விட முடியாது. யாருக்கும் அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுக்காதீர்கள், மூலப் பத்திரத்தைக் கொடுக்காதீர்கள். குத்தகை நேரடியாகக் கம்பெனியோடு இருக்க வேண்டும், பதிவு செய்த பத்திரமாக இருக்க வேண்டும். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்பது சட்டம். பத்திரத்தில் உங்கள் நிலத்தை அடமானம் வைக்கும் உரிமை கம்பெனிக்கு இல்லை என்று இருக்க வேண்டும். இத்தனை மாதம் குத்தகை வராவிட்டால் ஒப்பந்தம் முறியும், காலம் முடிந்ததும் கான்கிரீட்டைப் பிடுங்கி எடுத்துவிட்டு நிலத்தைப் பழையபடி ஒப்படைக்க வேண்டும், அதற்கு ஒரு வைப்புத்தொகை இப்போதே கட்ட வேண்டும் என்பதெல்லாம் இருக்க வேண்டும். அருப்புக்கோட்டையிலோ விருதுநகரிலோ உங்களுக்குத் தெரிந்த வக்கீலிடம் ஒரு தடவை காட்டுங்கள், அவருக்குக் கொடுக்கும் ஓரிரண்டாயிரம் பெரிய செலவு இல்லை. கம்பெனி அனுப்பும் வக்கீல் வேண்டாம்.

‘வேலைவாய்ப்பு வரும்’ என்றும் சொல்லியிருப்பார்கள். உங்களுக்கு அடுத்த தாலுகாவான கமுதியைப் பாருங்கள். 2016-ல் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் அதானி நிலையம் வந்தது, அப்போது ஒரே இடத்தில் அமைந்ததில் உலகிலேயே பெரியது என்று பேசினார்கள். கட்டும் காலத்தில் ஆயிரக்கணக்கில் ஆள் வேலை செய்தார்கள். கட்டி முடித்த பிறகு பேனல் துடைக்க ரோபோ வந்துவிட்டது. சோலார் நிலையத்துக்கு ஆள் தேவை இல்லாததால்தான் அது மலிவாக ஓடுகிறது, அதைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் உங்கள் நிலத்தில் கருவேல் வெட்டி மூட்டம் போடும் குடும்பங்களுக்கும், அங்கே ஆடு மேய்ப்பவர்களுக்கும் குத்தகையில் ஒரு ரூபாய் வராது. பாவகடாவிலும் பட்டாக்காரர்களுக்கு வருடா வருடம் பணம் வந்தது, கூலிக்குப் போனவர்களுக்கு வேலை போனது. நீங்கள் ஒருவர் இதைத் தீர்க்க முடியாது. பத்துப் பேர் சேர்ந்து பேசும்போது காவல், புல்வெட்டு வேலை உள்ளூர் ஆட்களுக்கே என்றும், வேலிக்குள் புல் வளரும் இடத்தில் ஆடு மேய விட வேண்டும் என்றும் ஒரு வரி கேட்கலாம், வேறு நாடுகளில் பேனலுக்குக் கீழே ஆடு மேய்ப்பது நடக்கிறது. கூடவே ஓடையையும் கண்மாய் வரத்துக் கால்வாயையும் தூர்க்கக்கூடாது, வண்டிப்பாதையை அடைக்கக்கூடாது என்பதை வரைபடத்தோடு பத்திரத்தில் சேருங்கள். 5 ஏக்கர் வேலி போட்டதால் கண்மாய்க்குத் தண்ணீர் வரவில்லை என்றால் ஊரில் நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். உங்கள் கிணற்று ஊற்றும் அந்தக் கண்மாயை நம்பித்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

ஆக இந்த மாதம் செய்ய வேண்டியது மின்வாரிய அலுவலகத்தில் வரிசை எண், கிணற்றில் ஊற்று அளவு, சொட்டுநீருக்கு மனு. இவற்றுக்குப் பேருந்துக் கட்டணம் தவிர வேறு செலவில்லை. எண்கள் கிடைத்ததும் எனக்கு எழுதினால் மோட்டார் விஷயத்தில் உறுதியாகச் சொல்கிறேன். அதற்கு முன்னால், இன்றைக்கே கொழுந்தனாரிடம் பேசிவிடுங்கள். கூட்டுப் பட்டாவில் அவர் கையெழுத்து இல்லாமல் குத்தகை நடக்காது. ஏஜென்டுக்கும் இது தெரியும், உங்களுக்கு முன்பே அவரிடம் போயிருக்கவும் கூடும்.